சூடு கண்ட மோட்டார்

வைத்தியர் வாசற்படியை மிதித்ததும் குழந்தையின் சுரம் விட்டுப்போகும் அதிசயத்தைத் தாய்மார்கள் எல்லோரும் அறிவார்கள். இரவெல்லாம் அனலாகக் கொதித்த உடம்பு, டாக்டர் தொட்டுப் பார்க்கும் சமயத்தில் சந்தனம்போல் குளிர்ந்து கிடக்கும். டாக்டர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். பழைய மோட்டார் வண்டிகளுக்கும் இந்தச் சுபாவம் உண்டு. நடுவழியில், நடு வெய்யிலில் நின்று சண்டித்தனம் செய்த வண்டியைப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனால், மறுநாள் காலையில் மெக்கானிக் சாவியைத் திருப்பியதும் பரம சாதுவாகக் கிளம்பிவிடும். "வண்டியில் ஒன்றுமில்லையே ஸார்!" என்பார் அவர். ஒன்றுமில்லாத வண்டிக்கு ஒரு பாட்டரியை மாற்றி, ஒரு காயிலையும் மாற்றிப் பில்லைக் கையில் கொடுப்பார். நாலு நாள் கழித்து மறுபடியும் அதே வெய்யில், அதே நடுவழி!

இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்டிருப்பது இந்தச் சூட்டு வியாதியைத்தான். பெரும்பாலும் இதற்குத் துணையாக வேறொரு வியாதியும் வரும்; அதாவது பாட்டரியில் மின்சாரம் ஏறாமல் போவது. இரண்டும் ஒரே வியாதியா, தனித்தனி வியாதிகளா என்று கண்டுபிடிப்பதற்குள் பலர் பொறுமையிழந்து வண்டியையே விற்றுவிடுகிறார்கள். அப்படி விற்கப்பட இருந்த ஒரு வண்டியின் கதையையும் சேர்த்தே சொல்லப் போகிறோம்.

பழைய வண்டி என்றால் நம் நாட்டில் முதலில் ஞாபகத்துக்கு வருவது அம்பாஸடர். 1942-ல் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரையில் அதைச் செய்துவந்தார்கள். மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கில வண்டியின் அச்சில் வார்த்ததுதான் அது. ஆனால் நாளடைவில் நம் தேசத்து ரஸ்தாக்களுக்கும், ஒரே வண்டியில் ஒன்பது பேர் ஏறும் நம் தேசத்துக் கல்யாணங்களுக்கும் பழகி, அசல் சுதேசியாகவே ஆகிவிட்டது. பம்பாயில் செய்த பியட்டும், அதன் பின்னவதாரமான பிரீமியர் பத்மினியும், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அதன் கூடப் பிறக்காத சகோதரர்கள். இவ்வகை வண்டிகளுக்கு வேண்டிய டைனமோ, ஸ்டார்ட்டர் முதலிய மின்சாரக் கருவிகளை இங்கேயே செய்துகொள்வதற்கென்று 1960-களின் தொடக்கத்தில் சென்னையை அடுத்த பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை ஏற்பட்டது. அந்த வண்டிகள் எல்லாம் இப்போது உற்பத்தியில் இல்லை. ஆனால் கொட்டகைகளில் இருக்கின்றன, ஓடிக்கொண்டும் இருக்கின்றன.

கும்பகோணத்தில் நமக்கு ஒரு நண்பர் இருக்கிறார். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய வண்டி 1974-ம் வருஷத்து அம்பாஸடர். தகப்பனார் காலத்திலிருந்து வீட்டில் இருப்பது. நண்பரின் மனைவியை மாதம் இருமுறை தஞ்சாவூரில் வைத்தியத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அந்த அம்மாளுக்கு பஸ்ஸில் ஏறி இறங்க முடியாது. வண்டியோ, தஞ்சாவூருக்கு ஒழுங்காகப் போய்விடும். திரும்பும்போது பாபநாசத்தில் காபி சாப்பிட நிறுத்தினால் அதோடு சரி. சென்ற சித்திரை மாதத்தில் ஒரு நாள் அந்த அம்மாள் ஒன்றரை மணி நேரம் ரஸ்தா ஓரத்தில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விசிறியும் கையுமாக உட்கார்ந்திருக்க நேர்ந்தது. இரண்டு வருஷத்தில் மூன்று பாட்டரிகள், இரண்டு காயில்கள், ஒரு ஸ்டார்ட்டர் ரிப்பேர் என்று பென்ஷன் பணம் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் வெளியூரிலிருந்து டெலிபோனில், "பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள், அப்பா" என்று சொல்லிவிட்டார்கள். இரும்புக்காரரும் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். இந்த நிலையில்தான் அவர் நம்மிடம் பிரஸ்தாபித்தார்.

அவரிடம் நாம் கேட்ட முதல் கேள்வி, "கிளம்பாத சமயத்தில் எஞ்சின் எப்படிச் சுற்றுகிறது?" என்பது. வேகமாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளாமல் இருக்கிறதா, அல்லது கிழவர் மாடிப்படி ஏறுவதுபோல் முக்கி முனகிச் சுற்றுகிறதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. முக்கிச் சுற்றினால் கோளாறு பாட்டரியிலோ, கம்பிகளிலோ, ஸ்டார்ட்டரிலோ இருக்கிறது. சுறுசுறுப்பாகச் சுற்றியும் பற்றவில்லையென்றால் நெருப்புப் பொறியில் கோளாறு, இல்லாவிட்டால் பெட்ரோலில் கோளாறு. ஆச்சரியம் என்னவென்றால், இரண்டு வருஷமாக வண்டியைப் பார்த்த மூன்று பட்டறைக்காரர்களில் ஒருவரும் இதைக் கேட்கவில்லையாம். அவர்கள் எல்லோரும் வண்டியைக் காலையில்தான் பார்த்தார்கள்.

பெட்ரோலின் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். எஞ்சின் ஓடும்போது விசிறியும், ரேடியேட்டர் தண்ணீரும் சூட்டை வாரிக்கொண்டு போய் வெளியில் கொட்டுகின்றன. நிறுத்தியவுடன் அவை இரண்டும் நின்றுவிடுகின்றன. இரும்பில் தேங்கிய சூடு மட்டும் நிற்பதில்லை. அது மேலே எழும்பிப் பானெட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. ஆகையால் கார்புரேட்டர் மிகவும் சூடாவது வண்டி ஓடும்போது அல்ல, நிறுத்திய பிறகு பத்து நிமிஷத்திலிருந்து அரை மணி வரையில். சரியாக ஒரு காபி சாப்பிடுகிற நேரம்! அம்பாஸடரின் 1489 ஸி.ஸி. எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழியும், புகை வெளியே வரும் வழியும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கார்புரேட்டர் எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறது. பெட்ரோல் தண்ணீரைப்போல் ஒரே உஷ்ணத்தில் கொதிக்கும் திரவம் அன்று; அது பல திரவங்களின் கலவை. அதில் லேசான பகுதிகள் 40 டிகிரிக்கும் குறைந்த சூட்டிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும்.

ஆவியானால் இரண்டு விபரீதங்களில் ஒன்று நேரும். பெட்ரோல் பம்பிலோ குழாயிலோ ஆவி புகுந்துகொண்டால், பம்பு ஆவியையே தள்ளிக்கொண்டிருக்கும். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வராது. இது பட்டினி. கார்புரேட்டரின் கிண்ணத்திலேயே பெட்ரோல் கொதித்துவிட்டாலோ, அது பொங்கி எஞ்சினுக்குள் வழிந்து பிளக்குகளை நனைத்துவிடும். இது அஜீரணம். பட்டினிக்கும் அஜீரணத்துக்கும் ஒரே மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? சூடான வண்டி கிளம்பாவிட்டால் உடனே சோக்கை இழுப்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

எது என்று தெரிந்துகொள்ள ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் போதும். நுனி ஈரமாக இருந்து பெட்ரோல் வாசனை வீசினால் அஜீரணம். அப்போது ஆக்ஸிலரேட்டரை மெதுவாகத் தரை வரையில் அழுத்தி, அழுத்தியபடியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். காற்று நிறையப் புகுந்து ஈரத்தைத் துடைத்துவிடும். நுனி உலர்ந்திருந்தால் பட்டினி. அதற்குப் பழைய டிரைவர்கள் செய்யும் ஈரத்துணி வைத்தியத்தைப் படித்தவர்கள் பரிகாசம் செய்வதை நாம் கேட்டிருக்கிறோம். அது பரிகாசத்துக்குரியதே அல்ல. மிகவும் சாஸ்திரீயமான பரீட்சை. ஆனால் துணியை எல்லாவற்றின் மேலும் போடக்கூடாது. பம்பின் மேல் மட்டும் போட்டு ஐந்து நிமிஷம் பொறுத்துக் கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். கிளம்பாவிட்டால் துணியை எடுத்துக் காயிலைச் சுற்றி வைத்துப் பார்க்க வேண்டும். எந்த உறுப்பு குளிர்ந்ததும் உயிர் வருகிறதோ அந்த உறுப்பில் நோய் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகக் குளிரவிட்டால் வண்டி கிளம்பும். காரணம் மட்டும் தெரியாது. (துணியைப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். டிஸ்டிரிபியூட்டருக்குள் தண்ணீர் போனால் அது வேறு கதை. கொதிக்கிற எஞ்சின்மேல் குடத்துத் தண்ணீரைக் கவிழ்க்கும் வீரர்களுக்கு இரும்பு விரிந்து பிளப்பதைப் பற்றிக் கவலை இல்லை போலும்.)

பொறியைப் பரீட்சிப்பதும் கஷ்டமில்லை. கழற்றிய பிளக்கை அதன் கம்பியிலேயே மாட்டி, அதன் இரும்பு உடம்பு எஞ்சினில் படும்படி வைத்து, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட்டரைச் சுற்ற, மற்றவர் பார்க்க வேண்டும். நீல நிறமாகப் பட்டுப் பட்டென்று வெட்டினால் நல்லது. மஞ்சளாகவும் மெலிந்தும் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருந்தால் மட்டும் இந்தப் பரீட்சையே கூடாது.

நண்பருடைய வண்டிக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் அவரை இருபது கிலோமீட்டர் ஓட்டச் சொல்லி, நிழலே இல்லாத ஓரிடத்தில் நிறுத்தச் செய்தோம். நிழலில் நிறுத்தலாமே என்று அவர் கெஞ்சியும் நாம் இணங்கவில்லை. ஒரு பாட்டரியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத சிறிய மல்டிமீட்டர் ஒன்று கையில் இருந்தது. கால் மணி நேரம் காத்திருந்து பாட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பார்த்தோம். 12.1 வோல்ட்.

இங்கே ஒரு சிறு கணக்கு. வண்டிகளில் உள்ள ஆறு அறைப் பாட்டரி, முழுதும் சார்ஜ் ஏறி ஓய்வாக இருக்கும்போது ஏறக்குறைய 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு; 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே வந்தால் பாத்திரம் காலி. இருபது கிலோமீட்டர் ஓடி வந்த வண்டியின் பாட்டரி பாதிகூட நிறையவில்லை என்றால், ஓடும்போது அதற்கு யாரும் சாப்பாடு போடவில்லை என்று அர்த்தம். நண்பர் ஒவ்வொரு இரவும் வீட்டில் சார்ஜரைப் போட்டு வைப்பவர். ஆகவேதான் காலையில் வண்டி சாதுவாக இருந்தது.

பிறகு அவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தோம். பாட்டரி முனைகளில் 9.9 வோல்ட். சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பாட்டரியைச் சந்தேகிக்கலாம். இது தப்பிப் பிழைத்தது. ஆனால் எஞ்சின் முக்கித்தான் சுற்றியது. அடுத்தபடியாக மீட்டரின் ஒரு முள்ளைப் பாட்டரியின் எர்த் முனையிலும், மற்றொன்றை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்துக்கொண்டு சுற்றச் சொன்னோம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்த இடங்கள். அவற்றுக்கு நடுவில் வோல்ட் ஒன்றும் இருக்கக்கூடாது. இருந்தாலும் அரை வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. மீட்டர் 1.8 காட்டியது.

அந்தச் சமயத்தில் வண்டிக்குள்ளிருந்து நண்பர், "இதென்ன ஸார், சோக் குமிழ் சுடுகிறதே?" என்றார்.

அவர் தம்மை அறியாமலே நோயின் பெயரைச் சொல்லிவிட்டார். எஞ்சின் ரப்பர் மெத்தைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. ஆகையால் எஞ்சினிலிருந்து வண்டியின் உடம்புக்குச் செம்பு இழைகளால் பின்னிய ஒரு பட்டை கட்டியிருப்பார்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றைம்பது ஆம்பியர் மின்சாரமும் அந்தப் பட்டை வழியாகத்தான் பாட்டரிக்குத் திரும்ப வேண்டும். பட்டை அற்றுப்போனால் மின்சாரம் திரும்புவதற்கு வேறு வழி தேடும். எஞ்சினையும் வண்டியின் உடம்பையும் இணைக்கும் மற்ற இரும்பு என்ன இருக்கிறது? சோக் கம்பி இருக்கிறது. பெரிய வாய்க்கால் தூர்ந்து போனதால் தண்ணீர் வரப்பு நண்டுவளை வழியாகப் புகுவதைப் போல, அவ்வளவு மின்சாரத்தில் ஒரு பங்கு அந்த மெல்லிய கம்பி வழியே பாய்ந்தது, கம்பி சுட்டது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது பட்டையில் இழைகள் முக்கால்வாசி அற்றுத் தொங்கின. மிச்சம் இருந்தவையும் எண்ணெயும் மண்ணும் ஏறிக் கறுத்துக் கிடந்தன. சில நூறு ரூபாய்க்குப் புதுப் பட்டை வந்தது. போல்ட்டு இறங்கும் இடங்களில் வர்ணத்தையும் துருவையும் பளபளவென்று சுரண்டிவிட்டு இறுக்கியதும் 1.8 வோல்ட் 0.2 ஆயிற்று.

இத்துடன் கதை முடிந்தது என்றுதான் நண்பர் நினைத்தார். நாம் நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஓம் கணக்கு இங்கே உதவுகிறது. 150 ஆம்பியர் பாயும்போது 1.8 வோல்ட் நஷ்டமென்றால், தடை 0.012 ஓம். டைனமோவிலிருந்து பாட்டரிக்கு 10 ஆம்பியர் போகும்போது அதே தடையில் நஷ்டம் 0.12 வோல்ட்தான். இவ்வளவு அற்ப நஷ்டத்தால் ஒரு பாட்டரி பட்டினி கிடக்காது. ஆகவே எர்த் பட்டை ஸ்டார்ட்டர் விஷயத்தில் குற்றவாளி. சார்ஜ் விஷயத்தில் நிரபராதி. வேறொரு திருடன் எங்கேயோ ஒளிந்திருக்கிறான்.

சார்ஜ் ஆகாத வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது விசிறி பெல்ட். நீளமான பக்கத்தின் நடுவில் விரலால் அமுக்கினால் அரை அங்குலம் அமுங்கலாம். அதற்கு மேல் தொளதொளப்பாக இருந்தால் அது வழுக்கும். (பார்ப்பதற்கு முன் எஞ்சினை நிறுத்துங்கள். மேல்துண்டு, சேலைத் தலைப்பு, சின்னக் குழந்தைகள் மூன்றையும் சுற்றுகிற விசிறியிடமிருந்து தூர வைக்க வேண்டும்.) நண்பருடைய பெல்ட் சரியாக இருந்தது. அடுத்தது டைனமோ. டைனமோவில் 'டி', 'எப்' என்று இரண்டு முனைகள் உண்டு. அவற்றின் கம்பிகளைக் கழற்றிவிட்டு, இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்து, மீட்டரை அங்கும் எஞ்சின் இரும்பிலும் வைத்து, எஞ்சினை மெதுவாக வேகப்படுத்த வேண்டும். முள் தடுமாறாமல் மளமளவென்று ஏறினால் டைனமோ ஆரோக்கியமாக இருக்கிறது. 20 வோல்ட்டைத் தாண்ட விடக்கூடாது. ஒன்றுமே காட்டாவிட்டால் கரிப் பிரஷ்களைப் பார்க்க வேண்டும். ஒரு வோல்ட்டுக்குள் நின்றுவிட்டால் பீல்டு சுருளில் கோளாறு. பாதி வோல்ட்டில் நின்றால் ஆர்மெச்சூரில் கோளாறு. இந்தப் பரீட்சை டைனமோவுக்கு மட்டுந்தான். பிற்கால வண்டிகளில் உள்ள ஆல்டர்னேட்டரில் இதைச் செய்தால் அதோடு அதற்குக் கருமாதி செய்ய வேண்டியதுதான். ஆல்டர்னேட்டர் ஓடும்போது பாட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்ப்பதும் அவ்வாறே. பலர் இதை ஒரு வித்தைபோல் செய்து காட்டுகிறார்கள்.

நண்பருடைய டைனமோ சுத்த வீரனாக இருந்தது. டாஷ்போர்டில் உள்ள சிவப்பு விளக்கும் எஞ்சின் வேகமானதும் ஒழுங்காக அணைந்தது. ஹெட்லைட்டுகளோ, எஞ்சின் ஓடும்போது பிரமாதமாக எரிந்தன! "லைட் இப்படி எரிகிறதே, சார்ஜ் இல்லை என்று எப்படிச் சொல்லலாம்?" என்று ஒரு எலக்ட்ரீஷியன் கேட்டாராம். நியாயமான கேள்விதான். அந்த நியாயத்தினால்தான் மூன்று பாட்டரிகள் வாங்கப்பட்டன.

டைனமோவிலிருந்து மின்சாரம் நேரே பாட்டரிக்குப் போவதில்லை. நடுவில் ரெகுலேட்டர் பெட்டி என்ற காவலாளி இருக்கிறான். வோல்ட் அதிகமாகாமல் பார்த்துக்கொள்வதும், டைனமோ தூங்கும்போது பாட்டரியின் மின்சாரம் பின்னோக்கி வழிந்துவிடாமல் கதவைச் சாத்துவதும் அவன் வேலை. எஞ்சினை நல்ல வேகத்தில் ஓடவிட்டு அந்தப் பெட்டியில் ஒவ்வோர் இடமாக மீட்டரை வைத்துக்கொண்டு போனோம். டைனமோ மின்சாரம் வந்து சேரும் 'டி' முனையில் 14.3 வோல்ட். பாட்டரிக்குப் புறப்படும் 'ஏ' முனையின் திருகில் 14.1. அந்தத் திருகு பிடித்துக்கொண்டிருக்கும் கம்பியின் நுனியில் 12.7!

அரை அங்குல தூரத்தில் 1.4 வோல்ட் மாயமாய் மறைந்திருந்தது. திருகைக் கழற்றியபோது கம்பி நுனி முழுதும் பச்சைக் களிம்பு. மேலே இருந்த உறை சூட்டில் வெந்து கறுத்திருந்தது. டெல்டா ஜில்லாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. தலைமடையில் நின்று பார்க்கும் அதிகாரிக்கு வாய்க்கால் நிறையத் தண்ணீர் தெரிகிறது. "போதும்" என்று மதகை இறக்கிவிடுகிறார். நடுவில் உடைப்போ அடைப்போ இருப்பது அவருக்குத் தெரியாது. கடைமடையில் பயிர் வாடுகிறது. ரெகுலேட்டர் பெட்டி தன் வாசலில் 14 வோல்ட் இருப்பதைப் பார்த்துத் திருப்தியடைந்து டைனமோவை அடக்கிவைத்தது. ஹெட்லைட்டுகளுக்கு அந்தப் பெட்டியிலிருந்தே வேறு முனை வழியாகக் கிளை வாய்க்கால் போகிறது. அவை தலைமடைப் பாசனம், ஆகையால் செழிப்பாக எரிந்தன. பாட்டரி ஒன்றுதான் கடைமடைக் குடியானவன்.

இதில் இன்னொரு விசேஷம் இருக்கிறது. எஞ்சின் ஓடாதபோது, காயிலுக்குப் போக வேண்டிய மின்சாரமும் பாட்டரியிலிருந்து அதே களிம்பேறிய கம்பி வழியாகத்தான் எதிர்ப்பக்கமாக வர வேண்டும். இப்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள். நடு வெய்யிலில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது பாட்டரியில் 9.9 வோல்ட், எர்த் பட்டையில் 1.8 நஷ்டம், களிம்பில் சுமார் ஒரு வோல்ட் நஷ்டம். 12 வோல்ட்டுக்கென்று செய்த காயிலுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 7 வோல்ட். அதுவும் சூடான காயில். செம்புக் கம்பியின் தடை, சூடு 50 டிகிரி ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். 3 ஓம் உள்ள காயில் 3.6 ஓம் ஆகிவிடும். பொறி மஞ்சளாக மெலியாமல் என்ன செய்யும்? காயிலை இருமுறை மாற்றினார்கள். பட்டினி போட்ட குழந்தையை மாற்றி வேறு குழந்தையைக் கொண்டுவந்து, அதையும் பட்டினி போட்டாற்போல.

கம்பி நுனியை வெட்டிப் புதிதாக ஈயம் பற்றவைத்து இறுக்கினோம். மறு நிமிஷமே பாட்டரி முனையில் 14 வோல்ட் வந்தது. மொத்தச் செலவு ஒரு பாட்டரியின் விலையில் கால் பங்கு இராது.

அதன் பிறகு பத்து நாள் வண்டி எங்கும் நிற்கவில்லை. பதினோராம் நாள் ஒருமுறை நின்றது. ஆனால் இம்முறை எஞ்சின் பம்பரம்போல் சுற்றியும் பற்றவில்லை. பெட்ரோல் நாற்றம் வீசியது. நண்பர் பதறவில்லை. ஆக்ஸிலரேட்டரைத் தரை வரையில் அழுத்திச் சுற்றினார். ஒரு தரம் இருமிவிட்டுக் கிளம்பிவிட்டது. கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய தகட்டுத் தடுப்பை எந்த ரிப்பேரிலோ யாரோ கழற்றி, திரும்பப் பொருத்தாமல் விட்டிருந்தார்கள். உபயோகம் தெரியாத உறுப்புகளைத் தூக்கி எறிந்துவிடுவது நம் பட்டறைகளில் ஒரு சம்பிரதாயம். அலுமினியத் தகட்டில் ஒன்று வெட்டி மாட்டியாயிற்று.

சூட்டு வியாதிக்கு வேறு காரணங்களும் உண்டு. டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கும் கண்டென்ஸர், குளிர்ந்தபோது நல்லவனாகவும் சூடானால் அயோக்கியனாகவும் நடிப்பதில் கைதேர்ந்தது, விலை சொற்பம், சந்தேகம் வந்தால் மாற்றிவிடுவது உத்தமம். பாயிண்டுகளின் இடைவெளி இவ்வகை எஞ்சினுக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரையில். அவை தேய்ந்து கறுத்திருந்தால் இந்தக் கண்டென்ஸரையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பெட்ரோலும் முன்போல் இல்லை. நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் பெரும்பாலான இடங்களில் அதுவே வழக்கமாகிவிட்டது. அன்னிய தேசத்து எண்ணெய்க்குப் பதிலாக நம் கரும்பிலும் தானியத்திலும் வடித்த சாராயத்தை எரிப்பது தேசத்துக்கு லாபம் என்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் 1974-ல் செய்த ரப்பர் குழாய்க்கும், பம்பின் சவ்வுக்கும் இந்தக் கலவை ஒத்துக்கொள்வதில்லை. அவை ஊறி, உப்பி, பின்பு வெடிக்கின்றன. வெடித்த குழாயிலிருந்து பெட்ரோல் ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், எத்தனாலுக்குத் தாங்கும் புதுக் குழாயை வாங்கி மாட்டும் செலவு யாருக்கும் பெரிதாகத் தோன்றாது. கொட்டகையில் நிற்கும் வண்டிகளைக்கூட இந்த விஷயத்தில் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுவது நல்லது.

நண்பருடைய மூன்றாவது பாட்டரியைப் பற்றிச் சொல்லவில்லையே! பல மாதங்கள் அரைப் பட்டினி கிடந்த பாட்டரியில் ஈயத் தகடுகளின்மேல் வெள்ளைப் பூப்பு ஏறிவிடுகிறது. சில சமயம் நிதானமாகச் சார்ஜ் செய்தால் அது கரையும். சில சமயம் கரையாது. காய்ச்சி வடித்த தண்ணீரைத் தகடு மூழ்கும் அளவுக்கு விட்டு, மூடிகளைத் திறந்து வைத்து, காற்றோட்டமான திண்ணையில், 3 ஆம்பியர் கணக்கில் ஒரு பகலும் ஒரு இரவும் சார்ஜ் செய்தோம். அப்போது பாட்டரியிலிருந்து எழும் ஹைட்ரஜன் வாயு சிறு பொறி பட்டாலும் வெடிக்கும் என்று சொல்லி, திண்ணைக்கு வழக்கமாகச் சுருட்டுப் பிடிக்க வரும் பக்கத்து வீட்டுப் பெரியவரையும் இரண்டு நாள் விலக்கி வைத்தோம். பிறகு ஹைட்ராமீட்டரால் ஆறு அறைகளையும் தனித்தனியே பார்த்ததில், ஐந்து அறைகள் 1.250, ஓர் அறை 1.240. பிழைத்துக்கொண்டது. புதிதுக்கு மாற்றாகப் பழையதென்று கடையில் கொடுத்துவிட்ட முதல் இரண்டு பாட்டரிகளும் இதே மாதிரி பிழைக்கக்கூடியவைதானோ என்று நண்பர் கேட்டார். நாம் பேச்சை மாற்றி, இரும்புக்காரருக்கு என்ன பதில் சொன்னார் என்று விசாரித்தோம்.